வாய்தா வக்கீலின் முதல் வெற்றி

வக்கீலுக்குக் கோர்ட் வட்டாரத்தில் 'வாய்தா' என்று பெயர். பதினோரு வருடத் தொழிலில் அவர் வாய்தா வாங்கியிருக்கிறார், திட்டு வாங்கியிருக்கிறார். சாதகமாக ஒரு தீர்ப்பு மட்டும் வாங்கியதில்லை. கேண்டீன்காரர்கூட அவரைக் கண்டால், "இன்னைக்கு எந்தத் தேதிக்குத் தள்ளிட்டீங்க சார்?" என்றுதான் விசாரிப்பார். அவரும் சிரித்து மழுப்புவார். உள்ளுக்குள் சுருக்கென்று குத்தும். ஒரே ஒரு கேஸாவது ஜெயித்துவிட மாட்டோமா என்று இருக்கும்.

அப்படிப்பட்டவரைத் தேடி, ஜெராக்ஸ் கடை மாடியிலிருந்த அவருடைய அறைக்கு ஒரு கட்சிக்காரர் படியேறி வந்தார். கடிகாரக் கடையில் விற்பனையாளர். ஒட்டிய உடம்பு, அடங்கிய பேச்சு. சிவப்பு விளக்கில் நிற்காமல் போனதற்காகக் கோர்ட் நோட்டீஸ் வந்திருந்தது.

"போன மாசம் ஞாயித்துக்கிழமை, மத்தியானம் ரெண்டு பதினாலுக்கு சார். தப்பு என்னுதுதான், ஒத்துக்கறேன். கொஞ்சம் கருணை காட்டச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடுங்க."

"இதுக்கு எதுக்குங்க வக்கீல்? அபராதத்தை போன்லயே கட்டிட்டுப் போயிருக்கலாமே."

"நேர்ல நின்னு ஒத்துக்கிட்டாத்தான் சார் மனசு ஆறும்."

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதரா என்று வக்கீல் நெகிழ்ந்துபோனார். மனுவில் அவர் 'சுமார் இரண்டு மணியளவில்' என்று எழுத, கட்சிக்காரர் எட்டிப் பார்த்து, "ரெண்டு பதினாலுன்னே போடுங்க சார்" என்றார். கடிகாரக் கடைக்காரர் நிமிடக் கணக்குப் பார்க்கத்தான் செய்வார் என்று வக்கீல் அடித்துத் திருத்தினார். தீர்ப்பு நகலும் ஒன்று வேண்டுமாம். அபராதத் தீர்ப்பை ஃபிரேம் போட்டு மாட்டப் போகிறீர்களா என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டார்.

பிறகு ஒத்திகை. மேசைக்குப் பின்னால் விறைப்பாக உட்கார்ந்து வக்கீலே மாஜிஸ்திரேட் ஆனார்.

"கையைக் கட்டிட்டு நிக்காதீங்க, ஒரு கும்பிடு போதும். 'ஆனா'ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. இதான் முதல் தடவைன்னு சொல்லுங்க. லைசென்ஸை முடக்கினா வேலைக்குப் போக முடியாதுன்னு சொல்லுங்க. அழுதுடாதீங்க, மாஜிஸ்திரேட் அம்மாவுக்கு அழுதா பிடிக்காது."

மூன்றாவது ஒத்திகையில் வக்கீலுக்கே மன்னித்துவிடலாம் போலிருந்தது.

மறுநாள் கோர்ட்டில்தான் வினை வந்தது. நோட்டீஸில் இருந்தது சிக்னல் கேமரா எடுத்த தபால்தலை அளவுப் படம். ஹெல்மெட்டும் நம்பர் பிளேட்டும் தெரியும், மற்றதெல்லாம் ஒரே கறுப்பு. இங்கே போலீஸ்காரர் நீட்டியதோ பெரிய வண்ணப்படம். வண்டி ஓட்டியவரின் தொப்பை பெட்ரோல் டாங்க் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற கட்சிக்காரரோ பெல்ட்டில் தனியாக மூன்று ஓட்டை போட்டுக் கட்டியிருந்தார்.

பதினோரு வருடப் பசி சும்மா இருக்குமா? வக்கீல் கருணை மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அம்மா, படத்தில் இருப்பவர் என் கட்சிக்காரர் இல்லை."

கட்சிக்காரர் பதறினார். "இல்லம்மா, நான்தான். நானேதான்."

"கொஞ்சம் பக்கவாட்டுல திரும்புங்க" என்றார் மாஜிஸ்திரேட்.

மனிதர் மூச்சை இழுத்து, வயிற்றை முடிந்தமட்டும் உப்பவைத்துக்கொண்டு திரும்பினார். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

"அப்ப கொஞ்சம் குண்டா இருந்தேம்மா."

"நாலே வாரத்துல இளைச்சீங்களா? எப்படின்னு எனக்கும் சொல்லிக் குடுங்க" என்று மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அவர் குரல் கனிந்தது. "யாரைக் காப்பாத்தறீங்க? மச்சானையா, தம்பியையா?"

மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். யாரோ ஒரு சொந்தக்காரன் செய்த தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்ள வந்த அப்பாவியைத் தெரியாத்தனமாகத் தண்டனை வாங்க அனுப்பப் பார்த்தோமே என்று வக்கீலுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"செய்யாத தப்புக்கு இந்தக் கோர்ட் தண்டனை குடுக்காது. ரெண்டு பதினாலுக்கு அந்த வண்டியை ஓட்டினது இவர் இல்லை. இவரை விடுவிக்கிறேன். ஓட்டினவரைப் போலீஸ் கண்டுபிடிக்கட்டும்."

வராந்தாவுக்கு வந்த வக்கீலின் கால் தரையில் பாவவில்லை. கட்சிக்காரரோ பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. சந்தோஷ அதிர்ச்சி சிலரை இப்படித்தான் ஆக்கிவிடும் என்று வக்கீல் தட்டிக்கொடுத்தார்.

"தீர்ப்பு நகலை நானே வாங்கிக் கொண்டாந்து தர்றேன்."

"வேணாம் சார்" என்றார் அவர் ஈனக்குரலில்.

"எனக்கு ஒண்ணு வேணும்" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. சாதாரணப் பேண்ட் சட்டையில் இருந்த ஒருவர், இன்ஸ்பெக்டர் என்ற அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, வக்கீலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாங்களும் அந்தப் போட்டோவை நாலு வாரமா பார்க்கறோம் சார். ஹெல்மெட்டையும் நம்பரையும் தாண்டி எங்க கண்ணு போகலை."

பிறகு கட்சிக்காரரின் தோளில் அன்பாகக் கை வைத்தார்.

"சம்பவம் நடந்தப்ப சிக்னல்ல இருந்தேன்னு இவர் காட்டின ஒரே சாட்சி அந்தப் போட்டோதான் சார், அதே ரெண்டு பதினாலுக்குத்தான் இவர் வேலை பார்க்கற கடையில அலாரம் ஒயரை அறுத்து லாக்கரைக் காலி பண்ணியிருக்காங்க."