வாசலுக்குக் கேட்கும்படி

கணவன் கொம்பையாவை யாரோ வெட்டிப்போட்டபோது வேலம்மாளுக்கு நாலு மாதம். பிறந்தது பையன் இல்லை, பெண் என்றதும் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தது கொம்பையாவின் அக்கா புருஷன்தான். பெயர் வைக்கிற அன்று அவன் வாசலில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு அரிவாளால் இளநீர் சீவிக்கொண்டிருந்தான். உள்ளே அவன் மனைவி குழந்தையின் காதருகே குனிந்தாள்.

"என்ன பேருடி வைக்க?"

கட்டிய நாளிலிருந்து வாய்விட்டுச் சொல்லியிராத பெயரை வேலம்மாள் சொன்னாள்.

"கொம்பையா."

"பொட்டப்புள்ளைக்கு ஆம்பளப் பேரா?"

"ஆமா மதினி. மூணு தடவ கூப்பிடுங்க. வாசலுக்குக் கேக்கணும்."

மதினி கூப்பிட்டாள். முதல் தடவையிலேயே அரிவாள் சத்தம் நின்றுவிட்டது. மூன்றாவது தடவை, அதுவரை தூங்கிக்கொண்டிருந்த குழந்தை கண்ணைத் திறந்து வாசல் பக்கம் தலையைத் திருப்பியது.