கழுவி முடியாத கேன்

நிரம்பி வழிந்த கேனை ஃபின்டன் அப்படியே சாய்த்துத் தரையில் கொட்டினார்.

காருக்குள் உட்கார்ந்திருந்த பிலோமினா பதறிப்போய்க் கண்ணாடியை இறக்கினாள்.

"ஏங்க, என்ன பண்றீங்க? பிடிச்ச தண்ணிய எதுக்குக் கொட்டுறீங்க?"

"உள்ள ஒரு பூச்சி கெடந்துச்சு" என்றவர், கேனைக் குலுக்கிக் குலுக்கி மறுபடியும் கழுவ ஆரம்பித்தார்.

வீட்டில், முந்தின நாள் டீ குடித்த கோப்பையிலேயே மறுநாளும் ஊற்றிக் குடிக்கிற மனுஷன்!

வெள்ளம் வந்து போனதிலிருந்து குழாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே இந்தச் சாலையோர ஊற்றுக்குத்தான் வரும். மண்மேட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு இரும்புக் குழாய். கட்டைவிரல் தடிமனுக்குத்தான் விழும். முன்னால் நிற்பவர் முடித்தால்தான் பின்னால் நிற்பவருக்கு.

பின்னால் நின்றது யாரோ எவரோ என்றால் பிலோமினா இவ்வளவு தவித்திருக்க மாட்டாள். நின்றது அவளுடைய அண்ணன் மாலகி. அவனுக்குப் பின்னால் இப்போதுதான் வந்து நின்றவன் தம்பி டெக்லன்.

இரண்டு பேருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. இரவல் கொடுத்த, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற டிரெய்லர் வண்டி, பின்விளக்கு உடைந்து திரும்பி வந்ததில் ஆரம்பித்தது. கிறிஸ்துமஸ் அன்றைக்கு அண்ணனுக்கு மதியம் ஒரு சமையல், தம்பிக்குச் சாயங்காலம் ஒரு சமையல் என்று அடுப்படியிலேயே அவள் ஓய்ந்துபோவாள். இருவரையும் ஒரே மேசையில் பார்த்துவிட வேண்டும் என்று அவள் சொல்லாத ஜெபமாலை இல்லை.

அண்ணனைக் கண்டதும் டெக்லன் திரும்பிப் போகத்தான் பார்த்தான். அதற்குள் தபால்கார நோரா தன் வேனைக் கொண்டுவந்து பின்னால் அடைத்துவிட்டாள். குறுகலான சாலை, நகர வழியில்லை.

'மாதாவே, சண்டை வருவதற்குள் இந்த மனுஷனை முடித்துக்கொண்டு வரச் செய்' என்று பிலோமினா வேண்டிக்கொண்டாள்.

ஃபின்டன் இரண்டாவது கேனை எடுத்தார். திறந்து மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். அதையும் கழுவத் தொடங்கினார்.

"மாப்பிள, தண்ணி பிடிக்கிறீங்களா, இல்ல கேனுக்கு ஞானஸ்நானம் குடுக்குறீங்களா?" என்றான் மாலகி.

"ஞானஸ்நானம் எப்பவோ முடிஞ்சிருச்சு. இப்பக் கல்யாணத்துக்குக் குளிப்பாட்டுறாரு" என்று பின்னாலிருந்து டெக்லனின் முணுமுணுப்பு.

மாலகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பாமலே சிரித்தான்.

"ஃபின்டன்! வரும்போது தலை கறுப்பாத்தான் இருந்துச்சு எனக்கு. இப்பப் பாரு, முழுசா நரச்சிருச்சு!" என்று வேனிலிருந்து கத்தினாள் நோரா.

ஃபின்டன் காதிலேயே வாங்கவில்லை. மூடிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அயர்லாந்து வானத்துக்குக் கேட்கவா வேண்டும், தூறலும் பிடித்துக்கொண்டது.

"ஏங்க, போதும் வாங்க!"

"இரு, மூடி வழவழங்குது."

"அத்தான், அடுப்புல ஆட்டுக்கறிய வச்சிட்டு வந்திருக்கேன். நான் போறதுக்குள்ள அது கரியாயிரும்" என்றான் டெக்லன்.

"கறி கெடக்கட்டும். போகும்போது வீடு மிஞ்சியிருக்கான்னு பாரு" என்றான் மாலகி.

ஃபின்டன் நிதானமாக நிமிர்ந்தார்.

"அவ்வளவு அவசரம்னா ஆத்துக்குப் போங்கய்யா. இந்த ஊத்து என்ன உங்கப்பன் வீட்டுதா?"

"ஆமா, எங்கப்பா போட்ட குழாய்தான்!"

இரண்டு பேர் குரலும் ஒரே நேரத்தில் வெடித்தது. பிலோமினா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் அவர் அப்பாதானே!

"பாத்தியாண்ணே இவரு பேச்ச?"

"பாத்தேன்டா. அப்பா உசுரோட இருந்தா இந்த வாய் நீளுமா?"

"ரோட்டுல வச்சு வேணாம்ண்ணே, அக்காவுக்குத்தான் அசிங்கம். சாயங்காலம் வீட்டுக்கே போய்க் கேப்போம்."

"கேக்காம விடுறதா? நீ வண்டி எடுக்காத. நான் வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"வாங்க, வாங்க. வந்து என்னத்தக் கிழிச்சிருவீங்கன்னு நானும் பாக்குறேன்" என்ற ஃபின்டன், அதற்குப் பிறகு ஒரு கேனைக்கூடக் கழுவவில்லை. மளமளவென்று பிடித்தார், டிக்கியில் ஏற்றினார், காரைக் கிளப்பினார்.

வளைவு தாண்டியதும் பிலோமினா உடைந்துபோய் அழுதாள்.

"ஆளுக்கொரு நேரமாவது வந்து சாப்பிட்டுட்டுப் போனாங்க. அதுலயும் மண்ணப் போட்டுட்டீங்களே! செத்துப்போன மனுஷனக்கூட விட்டுவைக்கல. இன்னிக்குச் சண்டையோட சரி, இனி ரெண்டு பேருமே நம்ம வாசப்படி மிதிக்க மாட்டாங்க. எல்லாம் எதுக்கு? ஒரு பூச்சிக்காக!"

குளிரில் சிவந்து விறைத்துப்போன விரல்களை ஃபின்டன் ஹீட்டர் பக்கம் காட்டினார்.

"பூச்சியெல்லாம் ஒண்ணும் கெடையாது பிலோ. போனதும் பெரிய பாத்திரமா எடுத்து உருளைக்கிழங்க வேகப் போடு. என்னைத் திட்டுறதுக்கு ரெண்டு பேரும் ஒரே வண்டியில வர்றாங்க."