இடப்பக்கத்துப் பீப்பாய்

எல்லோரும் பூசையிலிருந்து திரும்புவதற்குள் எர்மெத்தே வேலையை முடித்துவிட்டான். நிலவறையில் இடது மேடையில் இருந்த தன் சின்ன ஒயின் பீப்பாயை வலதுக்கும், வலதில் இருந்த தம்பி ஃபாவுஸ்தோவின் பீப்பாயை இடதுக்கும் தூக்கி வைத்ததில் இடுப்பு விண்ணென்று தெறித்தது. இரண்டும் ஒரே தச்சன் செய்தவை, அச்சு அசல்.

இடது மூத்த மகனுக்கு, வலது இளையவனுக்கு. கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டு வழக்கம் அது. புது ஒயினைத் திறக்கும் சான் மார்ட்டினோ திருநாளில் அப்பா கஸ்பாரே இரண்டையும் ருசித்து, நல்லது எதுவென்று சொல்வார். வருஷா வருஷம் ஜெயித்தது தம்பிதான்.

ஒரே குன்று, ஒரே கொடி, ஒரே வெயில். அவனுக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது? எர்மெத்தேவுக்கு வயிறு எரிந்தது. அந்த ஆத்திரத்தில் திருநாள் விருந்தில் ஒரு சொட்டு ஒயின்கூட வாயில் வைக்கமாட்டான், தன்னுடையதைக்கூட.

இந்த வருஷம் விஷயமே வேறு. ஜெயிப்பவனுக்கு நிலவறைச் சாவி. அதற்கப்புறம் தோட்டம், வியாபாரம் எல்லாம் அவன் சொல்படிதான்.

மதியம் எல்லோரும் மேசையில் உட்கார்ந்தார்கள். நிலவறைக்கு விறகு எடுக்கப் போன ஃபாவுஸ்தோ கடைசியாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"வந்துட்டாருய்யா கிழவரு! வருஷா வருஷம் இன்னிக்குப் பாத்துதான்டா உனக்கு இடுப்பு பிடிக்குது" என்றாள் அக்கா தெல்ஃபீனா.

"விறகு கனம்க்கா."

அப்பா நிலவறை வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தெல்ஃபீனா நிலவறையில் இரண்டு பீப்பாயிலிருந்தும் ஒவ்வொரு கோப்பை பிடித்து வந்து நீட்டினாள். முதல் கோப்பையை ஒரு வாய் உறிஞ்சி வைத்தவர், இரண்டாவதைக் கீழே வைக்கவே இல்லை.

"இதான்! எந்தப் பக்கத்துது?"

"இடதுப்பா! எர்மெத்தேவோடது!"

சாவி கைக்கு வந்தது. ஆனாலும் பாழாய்ப்போன வயிறு எரிந்தது. பேர்தானே தன்னுடையது, ருசி தம்பியுடையதாயிற்றே!

ஃபாவுஸ்தோவின் முகம் செத்துப்போயிருந்தது. அண்ணனை மூலைக்கு இழுத்துப் போய், காதோடு கேட்டான்.

"வருஷா வருஷம் நான்தானேண்ணே மாத்தி வைப்பேன், இன்னிக்கும் மாத்தினேன்... இந்தத் தடவ நீயுமா மாத்தினே?"