குலுங்கினால் எரியும் விளக்கு

மாலை மழையில் தேயிலைக் கொழுந்து லொறி அக்கரப்பத்தனையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. மேலே இறுகக் கட்டிய தார்ப்பாய்ப் படங்குக்குள் இருட்டு, பச்சைக் கொழுந்து வாசம், டீசல் நெடி. நனைந்த சாக்குகளின் மேல் சுகிர்தம் பிரசவ வலியில் கிடக்கிறாள். அவள் தலைமாட்டில், டிரைவரின் முதுகுப்பக்கத் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு புருஷன் இக்னேசியஸ். கால்மாட்டில் தோட்டத்து மருத்துவச்சி. அவள் டோர்ச் மழையில் நனைந்து செத்துவிட்டது. மிச்சம் ஒரே ஒரு சின்ன பல்பு. தோட்டத்து ஃபெக்டரியில் ஃபிட்டரான இக்னேசியஸ் போன மாதம் விளையாட்டாகச் செய்து இந்த லொறிக்குள் மாட்டியது அது. கம்பிச் சுருளுக்குள் ஒரு காந்தம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. லொறி பள்ளத்தில் விழுந்தால் காந்தம் துள்ளும், பல்பு மினுங்கும். "வீணாப் போற குலுக்கல்லயும் கரண்டு இருக்குங்க" என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்த பெருமைக்காரன். இப்போது ஒவ்வொரு பள்ளத்திலும் சுகிர்தம் அலறுகிறாள், அதே கணத்தில் அவள் முகம் மஞ்சளாகத் தெரிந்து மறைகிறது. தாங்கமாட்டாமல் அவன் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டுகிறான். டிரைவருக்கு ஒரு தட்டென்றால் மெதுவாக, இரண்டென்றால் வேகமாக. லொறி ஊர்கிறது. அலறல் அடங்குகிறது. பல்பும் அணைகிறது.

"புள்ள தல வந்துருச்சு. கழுத்துல கொடி சுத்துன மாதிரி தட்டுப்படுது" என்கிறாள் மருத்துவச்சி இருட்டுக்குள்ளிருந்து. "வெளிச்சமில்லாம எங்கன்னு கத்திரி வைப்பேன்?"

இக்னேசியஸின் கை தகரத்தில் அப்படியே ஒட்டிக் கிடக்கிறது. சுகிர்தம் தலைக்குமேல் கையைத் தூக்குகிறாள். விரல்களை மடக்கி, தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுகிறாள்.