பொது வேலி

வாசலில் தொடங்கி வலப்பக்கமாகச் சுற்றிவருவதுதான் எங்கள் வழக்கம். வீட்டம்மா என்னை நேராகப் பின்பக்கத்துச் செடிவேலிக்கு அழைத்துப்போனார்.

"முதல்ல இதைப் பாருங்க தம்பி. மத்ததெல்லாம் எங்கே போயிடப்போகுது."

வரிசைப்படிதான் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு வாசலுக்குத் திரும்பினேன். அவரும் கூடவே வந்தார்.

எங்கள் ஆபீஸ் வேலை சாதாரணமானது. தோட்டத்தில் எது இந்த மண்ணின் செடி, எது வெளியிலிருந்து வந்து பரவி மற்றதை நெரிக்கும் செடி என்று பார்க்கவேண்டும். முதலாவதுக்கு வெள்ளைத் துணி. இரண்டாவதுக்குச் சிவப்பு. சிவப்புக் கட்டிய செடியை வீட்டுக்காரர் எடுத்தே ஆகவேண்டும்.

அதனால் எங்களை யாரும் வலிய வந்து கூப்பிடுவதில்லை. இந்த அம்மாதான் கூப்பிட்டிருந்தார்.

முன்பக்கம் ஓர் உண்ணிச்செடி. குடைபோல வெட்டிவிட்டு, சுற்றிலும் செங்கல் பதித்து, பிள்ளைபோல வளர்த்திருந்தார். இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டுச் சிவப்பைக் கட்டினேன்.

இந்த இடத்தில் பெரும்பாலும் சண்டை வரும். அவர் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

சுவரோரம் மஞ்சள் பூவோடு தரையெல்லாம் படர்ந்திருந்த கொடிக்கும் சிவப்பு. அதையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு, காய்கறிக் கடையில் கொசுறு கேட்கிற குரலில், ரெண்டு கொடுத்திருக்கிறேனே, அந்த வேலியையும் சேர்த்துக்கொள்ளக் கூடாதா என்றார்.

மண்ணின் செடிகள் எங்கே என்று தேடினேன். களை என்று பிடுங்கிப்போட்ட குவியலில் கிடந்தன. வெள்ளைத் துணி கட்டுகிற நிலையில் அவை இல்லை.

வேலியைப் பற்றிய புகார்கள் வழிநெடுக வந்தன. பாம்பு அடையும். சருகு கொட்டும். யாருக்காவது மூச்சிரைப்பு வந்தால் ஆபீஸ் பொறுப்பு ஏற்குமா. கடைசியில் சமையலறைக்கே கூட்டிப்போய் ஜன்னலோரம் நிறுத்தி, வெளிச்சமே வருவதில்லை, நீங்களே பாருங்கள் என்றார்.

வெளிச்சத்துக்குக் குறைவில்லை. அடுப்பின்மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. வேலிக்கு மேலே அடுத்த வீட்டின் கூரை மட்டும் தெரிந்தது.

வேலி இரண்டு வீட்டுக்கும் பொது. கைவைக்கவேண்டுமானால் அந்த வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும். சிவப்புத் துணி விழுந்துவிட்டால் யாரையும் கேட்கவேண்டியதில்லை. இது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த வீட்டோடு பேச்சு இல்லை என்பது எனக்கும் தெரிந்துவிட்டது. "அந்தப் பக்கம்" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

எல்லைத் தகராறு என்று நினைத்துக்கொண்டேன். இந்த வேலையில் வாரத்துக்கு ஒன்று பார்த்துவிடலாம்.

தண்ணீர்த் தொட்டியோரம் குனிந்து பார்த்துவிட்டு நான் வேலிக்கு வந்தபோது அதில் ஏற்கெனவே சிவப்புத் துணி இருந்தது. என் பையிலிருந்து எடுத்ததுதான். நான் போடுவது ஒற்றை முடிச்சு. இது சின்னப் பெண்ணுக்குச் சடை பின்னி ரிப்பன் கட்டுவதுபோல, இரண்டு காது வைத்த முடிச்சு.

அவிழ்த்தேன். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து விரல் விரித்த இலை. அடிப்புறம் வெளிறல். நுனியில் ஊதா நிறப் பூங்கொத்து. நொச்சி. தோட்டத்திலேயே உருப்படியான செடி அதுதான். வெள்ளைத் துணியை எடுத்தேன்.

இது எங்கேயிருந்து வந்தது என்று விசாரித்தார். எங்கேயிருந்தும் வரவில்லை, ஆதியிலிருந்தே இங்கே இருப்பது என்றேன்.

"இங்கேயே இருந்துட்டா நல்லதாயிடுமா?"

அதற்குப் பதில் சொல்வது என் வேலையில் சேராது. கட்டினேன்.

வெள்ளைத் துணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இறங்கிவந்தார். வேரோடு வேண்டாம், இடுப்பளவுக்காவது வெட்டலாமா?

தாராளமாக வெட்டலாம், வெட்ட வெட்ட நொச்சி நன்றாகத் தழைக்கும், அந்தப் பக்கம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும் என்றேன். முகம் மறுபடி விழுந்தது. அந்த ஒரு வார்த்தையைத் தவிர்க்கத்தான் ஆபீஸிலிருந்து ஆள் வரவழைத்திருக்கிறார்.

பொது வேலி என்றால் மறுபக்கத்தையும் நாங்கள் பார்த்தாக வேண்டும். போகிறபோது நானே கேட்டுவிடுவதாகச் சொன்னேன். யார் கேட்டது என்று மட்டும் சொல்லவேண்டாம் என்றார்.

அடுத்த வீட்டில் மணியை அழுத்தி வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்தபடி ஓர் அம்மா நின்றார். புது ஊன்றுகோல். அதன் ரப்பர்ப் பாதங்களில் இன்னும் அழுக்கு ஏறவில்லை. வீட்டில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

பின்பக்கம் போய்ச் சேர நேரம் பிடித்தது. விஷயத்தைச் சொன்னேன். இது நொச்சி, இருக்கவேண்டிய செடி, இடுப்பளவுக்கு வெட்டினால் இன்னும் நன்றாக வளரும், உங்கள் சம்மதம் வேண்டும். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

யார் கேட்டது என்று அவரும் கேட்கவில்லை. இடுப்பளவு என்றால் எதுவரைக்கும் என்று கையால் காட்டச் சொன்னார். காட்டினேன்.

என் கைக்கு மேலே, வேலிக்கு அந்தப் பக்கம், சமையலறை ஜன்னல் எங்கே வரும் என்று கண்ணாலேயே அளந்தார். பிறகு மெல்லத் திரும்பித் தன் வீட்டுப் பின்கதவைப் பார்த்தார். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

"வெட்டட்டும். எங்க அக்காகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க தம்பி. இப்பல்லாம் நான் பின்கதவைத் திறக்கவே எட்டு மணி ஆகுது. ஆறு மணிக்கே ஜன்னல்ல நின்னுகிட்டு, இன்னும் ஆளைக் காணோமேன்னு பதற வேணாம்."