வண்டி நிறுத்த இடமில்லை

"ஒரு இடம்கூட காலியா இருக்கக் கூடாதுடா டெல்பர்ட். உன் சவ வண்டியையும் கொண்டாந்து நிறுத்து."

"அதையுமா? பாக்குறவங்க, ரயிலே செத்துப் போச்சுன்னு நெனைச்சுக்கப் போறாங்க."

டெல்பர்ட் அந்த ஊரில் இறுதிச் சடங்கு நிலையம் நடத்துகிறவன். முணுமுணுத்தானே தவிர, நீளமான கறுப்பு வண்டியைக் கடைசி இடத்தில் அழகாக ஒடித்து நிறுத்திவிட்டு இறங்கினான்.

விடிந்தும் விடியாத நேரம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. வெல்பிரிட்ஜ் ரயில் நிலையத்து வாசலில், காதுவரை தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கையில் டார்ச்சோடு நின்ற எவரெட்டுக்குக் குளிரே உறைக்கவில்லை. அவ்வளவு பெருமிதம்.

போன மாதம் ரயில் வாரியத்து அதிகாரி ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். "வாரியத்துல பணமில்ல. உங்க ஸ்டேஷன்ல வண்டி நிறுத்துற இடம் பாதி காலியாத்தான் கிடக்கு. இந்தக் காலை ரயிலை யாருக்காக ஓட்டச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். இன்று கணக்கெடுப்பு. இதில் தேறினால்தான் நிதி. தேறாவிட்டால் ரயில் இந்த ஊரில் நிற்காமல் போய்விடும்.

எவரெட் அந்த ரயிலில் ஏறி இருபது வருஷம் இருக்கும். ஆனால் மகள் மார்னி தினமும் அதில்தான் நகரத்து ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறாள். போன குளிர்காலத்தில் ஒருநாள் காரிலேயே கிளம்பியவள், ஹைவேயில் பனியில் வழுக்கிக் கவிழ்ந்து, பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. அன்றைக்கே அவர் கறாராகச் சொல்லிவிட்டார். "பனி விழற நாள்ல நீ அந்த ரோட்டுப் பக்கமே போகக் கூடாது."

ரயில் போய்விட்டால் அந்தப் பேச்சுக்கு என்ன மரியாதை? அந்தப் பயம்தான் மனிதரைத் தூங்கவிடவில்லை.

அதனால்தான் நூலகத்தில் புதன்கிழமை மத்தியானம் கூட்டம் போட்டு இந்த யோசனையைச் சொன்னார். வந்திருந்தவர்கள் பெரும்பாலும் அவரைப்போல ஓய்வு பெற்றவர்கள். கணக்கெடுக்கிற நாளில் ஊரில் சும்மா கிடக்கிற வண்டி அத்தனையும் ஸ்டேஷனில் வந்து நிற்க வேண்டும். வெளியே மூச்சு விடக் கூடாது. மார்னியிடம்கூட அவர் சொல்லவில்லை. இன்று அவள் எழுந்திருக்கும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார்.

பாதிரியாரின் வேன், தீயணைப்புப் படையின் ஓட்டை டிரக், எவனோ இழுத்து வந்து போட்ட படகு என்று மூலைக்கு மூலை நிரம்பிவிட்டது. நிறுத்தியவர்கள் எல்லாரும் எதிர்க்கடையில் முட்டையும் காபியுமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

"இன்னும் ரெண்டு வண்டியத் தெருவுல விடலாமா?" என்றான் டெல்பர்ட்.

"தெருவுல விட்டா இழுத்துட்டுப் போயிடுவாங்க. என் வீட்டு வாசலை அடைக்கிறாங்கன்னு நானே சண்டை போட்டு வாங்கின சட்டம்டா அது."

அப்போதும் பனிக்குள்ளிருந்து வண்டி விளக்குகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டேதான் இருந்தன.

"பாருடா, இன்னும் வர்றாங்க. நம்ம ஊர்க்காரங்களுக்கு இவ்வளவு பாசமா?" எவரெட் டார்ச்சை ஆட்டி ஆட்டி வண்டிகளைத் திருப்பி அனுப்பினார். "நிறைஞ்சு போச்சு. போதும், போங்க, போங்க."

ஒரு கார் மட்டும் கண்கூசும் விளக்கோடு நகராமல் நின்று நீளமாக ஹார்ன் அடித்தது.

"உதவி பண்ண முடியலன்னு எவ்வளவு கோபம் பாரு," என்று சிரித்தபடி அதையும் விரட்டினார்.

பிறகு டெல்பர்ட்டையும் கூட்டிக்கொண்டு காபியோடு நடைமேடைக்குப் போனார். கணக்கெடுக்க வந்திருந்த வாரியத்துப் பெண் யோலாண்டா கூரையின் கீழ் நடுங்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

"பாத்தியாம்மா, ஊசி குத்த இடமில்ல."

"பாத்தேன் சார். நான் இவ்வளவு எதிர்பாக்கல."

ரயில் வந்தது. கதவுகள் திறந்தன. நடைமேடையில் அவர்கள் மூவரைத் தவிர ஒரு ஈ, காக்கை இல்லை. கதவுகள் மூடிக்கொண்டன. ரயில் போய்விட்டது.

யோலாண்டா திகைத்துப்போய், கையிலிருந்த எண்ணும் கருவியையும் எவரெட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், இத்தனை வண்டியில வந்தவங்க எல்லாம் எங்க?"

"நீ வண்டியத்தானேம்மா எண்ண வந்த?"

"வண்டிய போன வாரமே சொல்லாம வந்து எண்ணிட்டோம் சார். பாதிக்கு மேல இருந்துச்சு, போதும்னு எழுதியாச்சு. இன்னிக்கு ரயில்ல ஏறுற ஆளுங்கள எண்ணத்தான் என்னை அனுப்பினாங்க." அவள் கருவியைத் திருப்பிக் காட்டினாள். "பூஜ்யம் சார்."

எவரெட் கருவியை வாங்கித் தட்டிப் பார்த்தார். அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. மார்னி.

"ஏம்மா, நீ ரயில்ல ஏறலையா?"

"எங்கப்பா ஏறுறது? இன்னிக்குன்னு பாத்து ஸ்டேஷன்ல ஊர்ப்பட்ட வண்டி. வாசல்ல எவனோ ஒரு முட்டாள் டார்ச்சை ஆட்டி ஆட்டி விரட்டுறான். ஹார்ன் அடிச்சும் பாத்தேன், கேக்கல. திட்டாதீங்கப்பா, ஹைவேல கண்ணே தெரியல, மெதுவாத்தான் போறேன்."