புடலங்காயில் தொங்கும் சாவி

மகனின் காரியம் முடிந்த மறுவாரம், அதுவரை ஒரு கொத்தமல்லிகூட வளர்த்தறியாத செண்பகவல்லி, பால்கனியில் சிமெண்டுச் சாக்கில் மண் நிரப்பிப் புடலை விதை ஊன்றினாள். கணவர் தணிகாசலம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். கொடி துணி காயப்போடும் கம்பியில் ஏறியது, பூத்தது, சாண் நீளத்துக்கு ஒரு பிஞ்சு இறக்கியது.

"நுனியில கல்லு கட்டுங்கக்கா, இல்லேன்னா சுருண்டுக்கும்" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

நான்காவது மாடியில் கல்லுக்கு எங்கே போவது? ஆணியில் தொங்கிய மகனின் பைக் சாவியை, அதன் பித்தளை வளையத்தோடு எடுத்துக் கட்டினாள். காய் நீள நீளச் சாவி தரையை நோக்கி இறங்கியது. காலையில் கணவனும் மனைவியும் காபியை ஆறவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பைக்கை வாங்க ஓர் ஆள் வந்தான். தணிகாசலம்தான் வரச் சொல்லியிருந்தார். அவர் கத்தரிக்கோலோடு பால்கனிக்குப் போனார். செண்பகவல்லி தடுக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெகுநேரம் கழித்து அவர் வெறுங்கையோடு வந்தார்.

"சாவி புடலங்காயில கட்டியிருக்கு தம்பி."

வந்தவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சரி சார், காய் பறிச்சதும் ஒரு போன் போடுங்க, வர்றேன்."

"பறிக்க மாட்டோம்" என்றார் தணிகாசலம். "அதை விதைக்கு விட்டிருக்கோம்."